விசிறி ஓடும்வரை

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த முன்னாள் குத்துச்சண்டை சாம்பியன் எபினேசரின் முகம் முழுக்கச் சோப்பு நுரை. நல்லதாகப் போயிற்று, வாய் திறக்க வேண்டியதில்லை. பின்னால் பெஞ்சில் நாசரும் எட்டியப்பனும் அவரைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணன் தலையில ஒரு குத்துகூட வாங்குனதில்ல. அதுலதான்டா அவர் பேரே எடுத்தாரு,” என்றான் நாசர்.

“போட்டியில வாங்கல. பயிற்சியில வாங்குனத எவன் பார்த்தான்?” என்றான் எட்டியப்பன்.

உண்மையில் அது எளிய வித்தை. இடது கை தாடைக்கு முன்னால் அசையாமல் நிற்கும். எதிராளியின் கண் அந்தக் கையிலேயே இருக்கும்போது தலை ஒரு விரற்கடை விலகினால் போதும், குத்து காதோரம் வெறும் காற்றாகப் போய்விடும். அந்த இடது கைதான் இப்போது போர்த்திய துணிக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அழுத்திப் பிடித்தும் அடங்கவில்லை. மேலே விசிறி வேகமாகச் சுழன்று துணி முழுவதும் படபடத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“ஷேவிங் முடியட்டும். அண்ணன் அந்த இடது கைய ஒருதடவ தூக்கிக் காட்டுவாரு. அப்ப பேசு,” என்றான் நாசர்.

சலூன்காரர் வரதன் கடைசி நுரையையும் வழித்து, கத்தியைத் துடைத்துவிட்டு, துணியை அவிழ்க்கக் கழுத்துக்குப் பின்னால் கை வைத்தார்.

“வரதா, முடியையும் கொஞ்சம் வெட்டிடு,” என்றார் எபினேசர் அவசரமாக.

“போன வாரந்தானண்ணே வெட்டுனோம்? சரி, ஒக்காருங்க.”

வரதன் கத்தரியை எடுத்தார். வெட்டும் முடி பறக்கக் கூடாதென்று, எப்போதும்போல, சுவரோரம் போய் விசிறியை நிறுத்தினார்.

இறக்கைகள் மெல்ல ஓய்ந்தன. துணியின் ஓரங்கள் ஒவ்வொன்றாகப் படிவதை எபினேசர் கண்ணாடியில் பார்த்தார். மடிமேல் ஓரிடம் மட்டும் படியவில்லை. பெஞ்சில் பேச்சு நின்றது.