எட்டரை மணி அப்டேட்

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க அம்மிணி?"

முதலாளி வெள்ளியங்கிரி போட்ட சத்தத்தில் கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் தலைகள் திரும்பின. நித்யஸ்ரீக்கு முகம் சிறுத்துப்போனது. பாவம், பாராட்டு வாங்கலாம் என்றுதான் அவள் அந்த அறைக்குள் வந்திருந்தாள்.

உண்மையில் பாராட்ட வேண்டிய வேலைதான். மண்ணரையில் இருக்கிற அந்தப் பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்க வந்தவன் ஒவ்வொருத்தனும் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் மென்பொருளில் தனக்குப் பிடித்த ரகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஆபீஸில் உபுண்டு, கட்டிங்கில் ஃபெடோரா, ஸ்டோரில் சூசே, வாசலில் கைரேகை வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு டெபியன். எல்லாமே லினக்ஸ்தான். ஆனால் ஒரே வீட்டுக்கு வந்த மருமகள்கள் மாதிரி, ஒருத்தியிடம் சொல்கிற விதத்தில் இன்னொருத்தியிடம் சொன்னால் வேலை நடக்காது. அப்டேட் போட ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. அதனால் திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் போய் உட்கார்ந்து கையால் போடுவதுதான் அங்கே வழக்கம்.

நித்யஸ்ரீ இதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். 'நீ எந்த லினக்ஸ்?' என்று ஒவ்வொன்றையும் அதுவே விசாரிக்கும், தகுந்த கட்டளையை அதுவே கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பூட்டிக் கிடக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும்.

அவளை பர்மனெண்ட் பண்ணுவதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளி இந்த மாதக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். அதை நினைத்துத்தான் இத்தனை பாடும்.

"சார், திங்கக்கிழமையாகியும் இன்னிக்கு அப்டேட்டுக்குன்னு ஒரு சிஸ்டம்கூட நிக்கலைங்க. அட்டெண்டன்ஸ் மெஷின்கூட எட்டரைக்கு டாண்ணு ஓடுச்சுங்க."

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். அதை யாரு ஓடச் சொன்னது?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்டேட்டுன்னா ஆளு பக்கத்துல உக்காந்து போடோணும். தானா ஓடறதை நம்பி என்ற கம்பெனியை உட முடியாது. வர்ற திங்கக்கிழமை பழையபடி கையிலயே போடுங்க. எட்டரைக்கு. மொதல்ல அட்டெண்டன்ஸ் மெஷினு."

"திங்கக்கிழமை எட்டரை ராகு காலமுங்க சார்," என்றாள் கடைசி ஆயுதமாக. ராகு காலத்தில் ஊசிகூட வாங்காத மனுஷன் அவர்.

"கம்ப்யூட்டருக்கு ஏதுங்க ராகு காலம்? சொன்னதைச் செய்யுங்க. இல்லீன்னா மாசக் கடைசில நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வெளியே வந்தவள் அக்கவுண்ட்ஸ் சித்ரகலாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ராப்பகலா உக்காந்து எழுதுனது அக்கா. தூக்கிக் குப்பையில போடுங்கறாரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை."

"மெதுவாப் பேசு கண்ணு. உனக்கு முன்னாடி இருந்தவன் அப்டேட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்துனான். அதுக்கே அவனை உண்டு இல்லைன்னு பண்ணிப்போட்டாரு."

"ஏனாமா?"

"யாரு கண்டா. மொதலாளிகிட்டப் போயி ஏன்னு கேக்க முடியுமா?"

அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு, வேண்டா வெறுப்பாக வாசலில் போய் உட்கார்ந்தாள் நித்யஸ்ரீ. அட்டெண்டன்ஸ் மெஷின் நின்றது. திரையில் அப்டேட் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

அந்த மெஷின் பொல்லாதது. எட்டே முக்காலுக்கு மேல் விரல் வைத்தால் தானாகவே அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடும். வெள்ளியங்கிரியே போட்ட சட்டம். "என்ற பையன் லேட்டா வந்தாலும் அரை நாள்தானுங்க" என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிக்கொள்வார். மெஷின் நின்றுபோன நாளில் மட்டும் வேறு வழி இல்லாமல், வந்தவர்களுக்கெல்லாம் முழு நாள்.

எட்டே முக்கால் தாண்டியது. முதலாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை லீவுக்குத் தெற்கே தேனி, உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து பையும் கையுமாக நேராகக் கம்பெனிக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன அனுசுயா, உசிலம்பட்டியில கடியாரமே இல்லியா?"

"பஸ்ஸு ஒட்டன்சத்திரத்துல நின்னுபோச்சு மொதலாளி."

"வாரம் ஒரு கதை சொல்லு. இந்தப் பாழாப்போன மெஷினு ஓடியிருந்தா இன்னிக்கு உனக்கு அரை நாள் போயிருக்கும். சட்டம்னா சட்டந்தான். போ, உள்ள போ."

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள். இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் கம்மி இல்லை என்று நித்யஸ்ரீ நினைத்துக்கொண்டாள். வேலையைச் சுருக்க முடித்துவிட்டு எழுந்தாள். தன் திறமையை இப்படியாவது காட்டலாமே.

"முடிஞ்சுதுங்க சார். மெஷினை ஓட உட்டரட்டுங்களா?"

வெள்ளியங்கிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குள்ளயா முடிச்சீங்க? உங்க பர்மனெண்ட் ஆர்டரை வேணும்னா இப்பவே போட்டுத் தர்றேனுங்க அம்மிணி. தேனி பஸ்ஸு வந்து சேர்ற வரைக்கும் முடியாத மாதிரி ஒரு அப்டேட் எழுதிப்போடுங்க."