பூரணி உட்கார்ந்த இடம்

வெளியூர்க் கட்டெறும்பு ஒன்று, மூச்சு வாங்குகிறதே என்று குளத்தங்கரையில் தன் நெல்மணியைக் கீழே வைத்தது. அந்த நேரம் பார்த்து பூரணி என்ற எருமை அந்த நெல்மேல் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, எழுந்திருங்க! மழைக்கு முன்னால நெல்லோட புற்றுக்குப் போகலைன்னா, வரிசையில என் இடம் போயிடும்!"

"அடடா! இதோ எழுந்திருக்கேன்" என்று பதறியது பூரணி. ஆனால் அசையவில்லை.

சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்த எறும்பு நறுக்கென்று கடித்தது.

"அங்கேதான், தங்கம். இன்னும் கொஞ்சம் மேலே" என்றது பூரணி.

மூன்றாம் நாள் எறும்பு கத்தியது. "இன்னுமா இதோ?"

"அதே இதோதான் தம்பி. இன்னும் முடியலை."

பத்தாம் நாள் மழை கொட்டியது. போக்கிடம் இல்லாமல் எறும்பு பூரணியின் வயிற்றோரம் ஒதுங்கிக்கொண்டது. ஈரத்தில் நெல் முளைத்து, வயிற்றுக்கடியிலிருந்து பச்சையாக எட்டிப் பார்த்தது. எறும்பு அதன் நுனியில் ஏறி உட்கார்ந்தது. காற்று லேசாக ஆட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து அது எங்கேயும் உட்கார்ந்ததே இல்லை.

அந்த வழியாக நெல்லோடு வந்த தங்கச்சி எறும்பு அண்ணனைக் கண்டு திகைத்தது. வாயில் நெல்லை வைத்துக்கொண்டு திட்ட முடியாது. கீழே வைத்துவிட்டுத் திட்டியது.

"அண்ணே! இன்னைக்கு உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க. இறங்கி வா!"

"இதோ வரேன்" என்றது எறும்பு, ஆடிக்கொண்டே.

தங்கச்சி நம்பிக்கையோடு காத்திருந்தது. அதுவரை நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து எருமைக்குக் கால் வலித்தது. தங்கச்சியின் நெல்மேல் மெதுவாக உட்கார்ந்தது.