இருபத்து மூன்று ஸ்லைடுகள்

“தம்பி, மழை கீழருந்து மேல போகுது!” என்று அலறினார் ராமுத்தாய் டீச்சர்.

அப்பாஸ் எட்டிப் பார்த்தான். திரையில் நீலத் துளிகள் தரையிலிருந்து கிளம்பி வரிசையாக மேகத்துக்குள் புகுந்துகொண்டிருந்தன.

“ஒண்ணுமில்ல டீச்சர். மேல் அம்புக்குறியத் தட்டிட்டீங்க. கீழ் அம்புக்குறியத் தட்டுங்க, அம்புட்டுதான்.”

தட்டினார். மழை ஒழுங்காகப் பெய்தது. ராமுத்தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

கன்னிவாடிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி அது. ஆசிரியர்கள் கம்ப்யூட்டரில் தாங்களே பாடம் தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. சொல்லிக்கொடுக்கத் திண்டுக்கல்லில் இருந்து அப்பாஸ் வந்திருந்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பயிற்சி. புதன்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் பாண்டியராஜ் நேரில் வந்து பார்ப்பார். ஆசிரியர்கள் இரண்டே பேர்தான். ராமுத்தாய், தலைமை ஆசிரியர் முத்துச்சாமி.

“பிள்ளைகளக் காணோமே சார்?” என்று முதல் நாளே கேட்டான் அப்பாஸ்.

“ட்ரெய்னிங் முடியிற வரைக்கும் லீவு தம்பி. சத்தம் இருந்தா எங்க மண்டைல எப்பிடி ஏறும்?”

அந்த வருடத்தில் அது ஏழாவது பயிற்சி. கதை சொல்லப் பயிற்சி, கை கழுவக் கற்றுத்தரப் பயிற்சி, முடித்த பயிற்சிகளையெல்லாம் இணையத்தில் பதிவேற்ற ஒரு பயிற்சி. எல்லாச் சான்றிதழையும் முத்துச்சாமி சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வாய்ப்பாடு தொங்கிய ஆணியில்கூட இப்போது சான்றிதழ்தான் தொங்கியது.

பாடம் நீர்ச் சுழற்சி. முத்துச்சாமி மவுஸைத் தொடவில்லை. பின்னால் நின்று யோசனை மட்டும் சொன்னார்.

“மொத ஸ்லைடுல அதிகாரி போட்டோ. ரெண்டாவதுல என் போட்டோ. அவரு பேரு எம்பேர விடக் கொஞ்சம் பெருசா இருக்கணும்.”

“நீர்ச் சுழற்சிக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“எல்லாம் மேலருந்துதான தம்பி வருது!”

ராமுத்தாய் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயது ஐம்பத்தாறு. திங்கட்கிழமை மவுஸை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆத்தூர் அணைக்கே போய், போனில் பதினோரு படம் எடுத்து வந்துவிட்டார்.

“நெட்டுலயே ஏரிப் படம் எம்புட்டோ கிடக்கே டீச்சர்?” என்றான் அப்பாஸ்.

“அது எந்த ஊருத் தண்ணியோ? பிள்ளைக்கு அது கண்ணால பாத்த தண்ணியக் காட்டணும் தம்பி.”

கடைசி ஸ்லைடில் அவராகவே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘கனிஷ்கா, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?’

“ஒரு பிள்ளை பேர மட்டும் போட்டா நல்லாருக்குமா? ‘மாணவர்களே’ன்னு போடுங்க டீச்சர்.”

“இருக்கட்டும் தம்பி. பேரச் சொல்லிக் கேட்டாத்தான் அது வாயத் திறக்கும்.”

அன்று மத்தியானம் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் பூ மூட்டை. வந்தவர் கோபமாக ஏதோ சொன்னார். முத்துச்சாமி அவரை அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். ஐந்து நிமிடத்தில் மொபெட் கிளம்பிவிட்டது.

“யாரு சார்?” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் ராமுத்தாய்.

“ஒரு கையெழுத்து வேணும்னாரு, போட்டுக் குடுத்தேன். நீங்க மேகத்தக் கவனிங்க.”

புதன்கிழமை பாண்டியராஜ் வந்தார். அவர் படம் திரையில் தோன்றியதும் அவரே முதலில் கைதட்டினார். ராமுத்தாய் தடுமாறாமல் ஒவ்வொரு ஸ்லைடாக நகர்த்தினார். அணைத் தண்ணீர் ஆவியானது. மலை மேல் மேகம் கூடியது. மழை சத்தத்தோடு கொட்டியது. அப்பாஸுக்கே பெருமையாக இருந்தது.

“மொத்தம் எத்தன ஸ்லைடு?” என்றார் பாண்டியராஜ்.

“இருபத்து மூணு சார்,” என்று முந்திக்கொண்டார் முத்துச்சாமி.

“நேத்துப் பாத்த பள்ளிக்கூடத்துல பதினெட்டுதான். உங்களுதுதான் இந்த வட்டாரத்துக்கே முன்மாதிரி! சரி, பிள்ளைகள வரச் சொல்லுங்க. பாடம் பாக்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்துருவோம்.”

ராமுத்தாய் ஆவலோடு வாசலைப் பார்த்தார். முத்துச்சாமி நெளிந்தார்.

“சார்... ஸ்கூல்ல இருந்ததே ஒரு பிள்ளைதான். ‘டீச்சருக்கே வருசம் பூரா ட்ரெய்னிங்னா எம்மகளுக்கு எப்பத்தான் பாடம் நடத்துவீங்க’ன்னு கேட்டு, நேத்து அவங்கப்பா டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாரு.”

ராமுத்தாய் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாஸ் காலி பெஞ்சுகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

பாண்டியராஜ் ஆய்வுப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“இந்தப் பாடத்தப் பாக்காம விடுபட்ட மாணவர் எத்தன பேரு?”

“ஒருத்தரும் இல்ல சார்.”

“அப்பறம் என்ன? பயனடைஞ்சவங்க நூறு சதவீதம்!”