சாமிக்கு ஒரு போர்வை

பனிமலையில் செத்துப்போன நாயக் சுடலைமுத்து, ராணுவ விதிப்படி இந்த வருஷமும் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் குரலையும் நினைவையும் அள்ளி அடைத்த இரும்புப் பெட்டியை நாற்காலியில் இருத்தி, மாலை போட்டு, கூட வந்த சிப்பாய்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லையில் சாவடிதோறும் இந்தப் பெட்டியின் நகல் ஒன்று உண்டு; யார் கண்ணயர்ந்தாலும் சுடலைமுத்து சாமியின் குரல் காதுக்குள் அதட்டி எழுப்பிவிடுமாம்.

மனைவி மரகதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, இரண்டு ஊர் தாண்டி இறங்குகிற மனுஷன் அவன்.

"மரகதம், தூக்கமா வருது புள்ள," என்றது பெட்டி. "என்னைய நிறுத்திரச் சொல்லேன்."

அவள் பெட்டியோடு வந்திருந்த மேஜர் கனகசபையிடம் திரும்பினாள். "கேட்டீகளா சார்? அவுகளே கேக்காக. விட்டுருங்க."

மேஜருக்குப் புல்லரித்துவிட்டது. "சாமி நம்ம பக்தியைச் சோதிக்குதும்மா! பணியிலிருந்து விடுவிக்கணும்னா அவரே கையெழுத்துப் போடணும்."

"கைக்கு எங்க சார் போவாக?"

"அந்த மனக்குறை தெரியக் கூடாதுன்னுதானே சுபேதாராப் பதவி உயர்வு குடுத்திருக்கோம்!"

லீவு முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

"மரகதம், அஞ்சே நிமிஷம் புள்ள…"

உயிரோடிருந்தபோது விடியற்காலையில் அவன் கெஞ்சுகிற அதே கெஞ்சல். அவளால் தாங்க முடியவில்லை. கொடியில் கிடந்த அவனுடைய பழைய போர்வையை உருவிப் பெட்டியை முழுக்கப் போர்த்திவிட்டாள். சிப்பாய்கள் மெய்சிலிர்த்துக் கும்பிட்டார்கள்.

மறுவாரமே எல்லைச் சாவடிதோறும் சாமிக்குப் போர்வை சாத்துவது கட்டாயமாயிற்று. அத்தனை போர்வைக்குள்ளும் சுடலைமுத்து கொட்டக் கொட்ட விழித்திருந்தான்.