படக் என்ற சத்தம்

தர்மபுரம் சந்தியில் றேடியோ திருத்தும் ஞானப்பிரகாசத்தார் களைத்துப்போயிருந்தார். பேசாமல் கிடந்த றேடியோவைப் பேசவைக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஆனால் நினைத்த நேரத்தில் ‘படக், படக்’ என்று வெடித்த சத்தந்தான் அவரைப் பாடாய்ப்படுத்தியது. தேடினால் ஒளிக்கும், மூடினால் வெடிக்கும். கடைசியில் ஒரு டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகே அடங்கியது.

றேடியோவை எடுக்க வந்த விசுவமடுக் கமக்காரன் கதிர்காமநாதனுக்குக் கண்கள் சிவந்திருந்தன.

“நித்திரை இல்லையோ, தம்பி?”

“றேடியோ பேசாமல் விட்ட நாளிலையிருந்து இல்லை, அண்ணை.”

பாட்டுப் பைத்தியமாக்கும் என்று நினைத்தபடி அவர் றேடியோவைப் போட்டார். பாட்டு அட்சரம் பிசகாமல் கேட்டது. காதைக் கொடுத்துக் காத்திருந்த கதிர்காமநாதனின் முகம் மெல்லச் சுருங்கியது.

“படக்கெண்ட சத்தம் எங்கை, அண்ணை?”

“அந்தப் பழுதையும் எடுத்துப்போட்டன்.”

அவன் கதிரையில் தொப்பென்று இருந்தான்.

“தகரம் தட்டினால் வயலுக்கை இறங்கிற காட்டுப்பண்டியளுக்குப் பழகிப்போகுது. இது எப்ப வெடிக்குமெண்டு அதுகளுக்குத் தெரியாது. வரம்பிலை றேடியோவைப் போட்டிட்டுப் படுத்திடுவன். இந்தப் போகம் நான் நித்திரை கொண்டதே அந்தப் பழுதாலைதான், அண்ணை.”