அச்சில் தள்ளாத பித்தளை

"இது லைலுக்கு" என்றான் ஆரின், அழுத்துக் கருவியின் கைப்பிடியைக் கீழே இழுத்துக்கொண்டே.

எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண டூ-டுவெண்டி-த்ரீ தோட்டாவின் காலிப் பித்தளை அது. மெழுகு தடவி, ஒவ்வொரு அச்சாகத் தள்ளித் தள்ளி, கழுத்தைப் பென்சிலைவிட ஒல்லியாக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். இன்று ஏற்கெனவே இரண்டு கிழிந்துவிட்டன.

இந்த அளவுத் தோட்டா எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. பயிரைத் தின்னும் தரை அணில்களைச் சுடுவதற்காக ஆரினும் பக்கத்துப் பண்ணை லைலும் சேர்ந்து கண்டுபிடித்தது. அந்தத் தோட்டா உட்காரும்படி குழி குடைந்த துப்பாக்கி மொண்டானா மாநிலம் முழுக்க இரண்டுதான். ஒன்று இவனிடம், ஒன்று அவனிடம்.

அந்த அளவுத் தோட்டா ஒன்றின் சுட்டுப்போட்ட காலிப் பித்தளைக் கூடு ஓடைக்கு மேலே உள்ள மேட்டில் கிடைத்தது. ஓடைக்கரையில் ஜிஞ்சர் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தது. மகன் கர்ட் குட்டியிலிருந்து வளர்த்த நாய். டிரக் விபத்தில் கர்ட் போனபிறகு அவன் ஞாபகமாக வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"கர்ட் விஷயத்துல லைலை மன்னிச்சேன். டிரக்கை அவன்தான் ஓட்டினான், ஆனா பனி வழுக்கிடுச்சு, போகட்டும்னு விட்டேன். இதுல விடமாட்டேன் மார்லிஸ்."

மனைவி மார்லிஸ் பக்கத்தில் நின்று, முடிந்த பித்தளைகளின் மெழுகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இந்த வேலை அவளுக்கும் அத்துப்படி.

"மன்னிச்சது நீதான். நான் இல்ல" என்றாள். பிறகு மேட்டில் கிடைத்த காலிக் கூட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதையும் அச்சுல தள்ளி நிரப்பு. அவன் பித்தளையாலேயே அவன் சாகட்டும்."

"பைத்தியமா உனக்கு? சுட்டதும் பித்தளை உப்பி, அந்தத் துப்பாக்கியோட குழி மாதிரியே ஆயிடும். அச்சுல தள்ளினா அந்த அடையாளம் போயிடும். இதை அவன் துப்பாக்கியிலேயே போட்டுக் காட்டணும். தான் செஞ்சதைப் பாத்துட்டுத்தான் அவன் சாகணும்."

மார்லிஸ் துணியைக் கீழே வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு டிரக்கில் ஏறினாள்.

லைல் தன் பண்ணை வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். ஆரின் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் சிரித்தான். "என்னடா கிழவா, அணில் சுடவா? சொல்லியிருந்தா காபி போட்டு வெச்சிருப்பேனே."

"உன் காபிய நீயே குடி. ஜிஞ்சரை ஏண்டா சுட்டே?"

லைலின் சிரிப்பு போய்விட்டது. "நானா? டேய், உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா. ஓடைக்கரையில வேலிக் கம்பி இழுத்துக் கட்டிட்டிருந்தேன். ஜிஞ்சர் ஓடி வந்து, எப்பவும் போல என் நெஞ்சுல ரெண்டு காலையும் தூக்கி வெச்சுது. எங்கிருந்தோ ஒரு சத்தம். அப்படியே என் மேலேயே சரிஞ்சிடுச்சு."

"நல்லாக் கதை விடறே. உன் துப்பாக்கிய எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாடா!"

லைல் எடுத்து வந்து கொடுத்தான். ஆரின் தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலிக் கூட்டை அவன் துப்பாக்கிக்குள் போட்டு, குழியை மூடும் தாழ்ப்பாளைத் தள்ளினான். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினான். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"மெதுவாடா, உடைச்சிடாதே" என்றான் லைல். "என்னோட குழி உன்னோடதைவிட ஒரு முடி இறுக்கம்னு எத்தனை தடவை புலம்பியிருக்கேன்? மறந்துட்டியா?"

ஆரின் கூட்டை வெளியே எடுத்தான். இருப்பதே இரண்டு துப்பாக்கி. மெதுவாகத் தன்னுடையதை எடுத்தான். கூட்டை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை ஒரு விரலால் தள்ளினான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மூடிக்கொண்டது.

"உன் துப்பாக்கியாலதாண்டா சுட்டிருக்காங்க" என்றான் லைல்.

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே. தீவனம் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். துப்பாக்கி வீட்லதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்லிஸ் படிக்குக் கீழே நின்றிருந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. புருஷனை அவள் பார்க்கவே இல்லை.

"நான் நாயைக் குறி வைக்கல, லைல்."