செருகாத ஒயர்

“அண்ணே, நான் கையை எடுத்துட்டேன். அது ஏன் இன்னும் ஓடுது?”

ஐந்து வயதில் அவள் கேட்டது.

இன்று, பாளையங்கோட்டையில், ஆலயத்தை ஒட்டிய சிறிய கூடத்தில், அதே கேள்வி தொண்டை வரை வந்து நின்றது.

ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். எல்லோரும் முன்சுவரில் விழுந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதுரப் புள்ளிகளால் ஆன ஒரு குட்டி மனிதன், கையில் குடையோடு, பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடினான்.

ஒரு முறைகூட விழவில்லை.

கூடத்தின் பின்பக்க மேசையில் புரொஜெக்டர் இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாகச் செய்த ஒரு வீடியோ கேம் பெட்டி. அதற்கு ஓரடி முன்னால், அதைச் செய்த அவளுடைய அண்ணன் கிப்சன், ஜாய்ஸ்டிக்கை அழுத்திக்கொண்டு நின்றான்.

பெட்டி அழகாக இருந்தது. அதை அவளும் மறுக்கவில்லை. சிறுவயதில் வீட்டில் இருந்த வீடியோ கேமின் அதே சிவப்பு. கேசட்டை அமுக்கினால் அதே ‘டக்’. அந்தச் சத்தம் வருவதற்காக அவன் எத்தனை ஸ்பிரிங்குகளை மாற்றிப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியும். குடைக்காரனின் ஒவ்வொரு புள்ளியும் அவன் கையால் வைத்தது.

இதேபோல் நிறையச் செய்து தர முன்பணம் கேட்கத்தான் இந்தக் கூட்டம். ஆனால் இணையத்தில் இப்படி முன்பணம் திரட்டிய பல பெட்டிகளைப் பற்றி அவள் படித்திருந்தாள். பணம் போனது. படம் வந்தது. பெட்டி வரவில்லை.

போன வாரம் இதையும் அவளே ஓட்டிப் பார்த்தாள். சர்க்யூட்டுகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை.

“நாலு நிமிசத்துல நின்னுருது அண்ணே. சரியாகாம சனங்க காசைத் தொடாத.”

அவன் கூட்டத்தைத் தள்ளிப்போடவில்லை.

முன்வரிசையில் தையற்கடை குளோரி அக்கா. இரண்டு மகன்களுக்கும் சேர்த்துப் பணம் போட வந்திருந்தாள். கையில் போன் தயாராக இருந்தது.

“நெசமாவே ஓடுமா தம்பி?” என்று தொடங்கும் முன்பே கேட்டிருந்தாள்.

“பாருங்களேன் அக்கா.”

பார்த்தார்கள். நாலு நிமிடம் தாண்டியும் குடைக்காரன் ஓடினான்.

மேசைக்குப் பின்னால் நின்ற அவள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணனின் தோளைப் பார்த்தாள்.

குடைக்காரன் தாண்டும்போது அந்தத் தோள் சாயவில்லை.

விளையாடும்போது அவனுக்கு உடம்பு நேராக நிற்காது. பள்ளம் வந்தால் அவனும் சேர்ந்து தாண்டுவான். இன்று ஆணி அடித்ததுபோல் நின்றான்.

அவன் அப்படி அசையாமல் இருந்து அவள் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறாள்.

சின்னப் பிள்ளை கெடுத்துவிடுவாள் என்று ஒயரைச் செருகாத ஜாய்ஸ்டிக்கை அவளிடம் கொடுத்து, தான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தான் அன்று. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் குடிக்க எழுந்தவன்போல் எழுந்து, பெட்டியின் பின்னால் குனிந்துவிட்டு வந்தான்.

அதன்பிறகு அவள் அழுத்தியபோதெல்லாம் குதித்தது. பக்கத்தில் அவன், தன் ஜாய்ஸ்டிக்கை அழுத்தி அழுத்தி, கொஞ்சமும் சாயாமல், சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான்.

அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

அவள் மேசைக்குப் பின்னால் குனிந்தாள். துணி மறைவில் ஒரு லேப்டாப். புரொஜெக்டரின் ஒயர் அதில் செருகியிருந்தது. சுவரில் ஓடியது முன்பே எடுத்து வைத்த வீடியோ. மேலே பெட்டியின் விளக்கு எரிந்தது. அதன் முதுகில் ஒயர் செருகும் துளை காலியாக இருந்தது.

எழுந்து சத்தம் போடலாம். எழுந்து வெளியே போய்விடலாம்.

ஆண்டவரே, அவன் கை நடுங்காமல் இருக்கட்டும் என்றாள், உதடு அசையாமல்.

ஒயரைப் பிடுங்கினாள். சுவர் கருத்தது.

“கரண்டு போச்சோ?” என்றது ஒரு குரல்.

ஒயரைப் பெட்டியில் செருகி, எப்போதோ நின்றுபோயிருந்த அதை அணைத்து மறுபடி போட்டாள். எல்லா முதுகுகளும் அவள் பக்கம்தான் இருந்தன. ஒரு முகமும் திரும்பவில்லை.

வெளிச்சம் வந்தது. குடைக்காரன் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றான்.

அண்ணனின் விரல் பழக்கத்தில் அழுத்தியது.

குடைக்காரன் தொப்பென்று உள்ளே விழுந்தான்.

கூடம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தான். கையைப் பார்த்தான். ஒரு விரலை மெல்ல அழுத்தினான். புதிதாக வந்து நின்ற குடைக்காரன் ஓரடி நகர்ந்தான்.

ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

“இம்புட்டு நேரம் ஓடுனது முன்னாடியே எடுத்து வச்ச வீடியோ” என்றான். குரல் கரகரத்தது. “இப்பம் விழுந்தாம்லா, அதுதான் என் பெட்டி. நாலு நிமிசத்துல நின்னுரும். ஏன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சபெறகு வந்து கேக்கேன். அதுவரைக்கும் யாரும் பணம் போட வேண்டாம். மன்னிச்சிருங்க.”

ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. யாரோ எழுந்து போனார்கள். இன்னொருவரும்.

குளோரி அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“சரி, அந்த நாலு நிமிசத்தையாவது வெளாடு தம்பி. பாப்போம்.”

அவன் திரும்பி மேசையின் பின்பக்கம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அன்று பெட்டியின் பின்னால் அவளும் பார்க்கவில்லை.

குடைக்காரன் ஓடத் தொடங்கினான்.

முதல் பள்ளம் வந்தது.

இருட்டில், அண்ணனின் தோள் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

மேசைக்குப் பின்னால், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவளின் தோளும்.